பதினாலாம் நம்பர் சீட்டு

பத்தொன்பது வருஷமாகக் கொசுவின் தலையைப் பிடுங்குவது என் தொழில். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர், அதில் மயங்கிய கொசு, கைக்கு ஒன்றாக இரண்டு ஊசி. இடது ஊசியால் உடம்பை அழுத்திக்கொண்டு வலது ஊசியால் தலையை மெல்ல இழுத்தால், கூடவே எச்சில் சுரப்பியும் வெளியே வரும். அதை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். மலேரியாக் கிருமி இருந்தால் வெட்டிப்போட்ட நகத்துணுக்கு மாதிரி மெல்லிசாக வளைந்து தெரியும். பெரும்பாலும் தெரியாது. ஆயிரம் தலை பிடுங்கினால் இரண்டு, மூன்று. மற்றபடி கண்வலிதான் மிச்சம். மின்விசிறி போட்டால் கொசு பறந்துவிடும் என்பதால் அந்த அறையில் வியர்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். செத்த கொசுவும் பறக்கும் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல. எனக்குக் கொசு பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தவரைப் பற்றி. சுரங்கத்துக் குடியிருப்பு முழுவதும் அவரைக் கொசு மாமா என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயர் ஆபீஸ் ரிஜிஸ்டரில் மட்டும் இருந்தது. நான் அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். ரத்த உறவு ஒன்றும் இல்லை. ஒரே கொசுவின் இரண்டு முனையில் இத்தனை வருஷம் வேலை பார்த்தால் ஒட்டிக்கொள்கிற உறவு அது.

தோண்டி முடித்த பள்ளங்களை யாரும் மூடுவதில்லை. மழை பெய்தால் ஒவ்வொன்றும் குளமாகிவிடும். குளத்துக்குக் கொசு வரும், கொசுவுக்குப் பின்னால் காய்ச்சல் வரும், காய்ச்சலுக்குப் பின்னால் எங்கள் மலேரியா ஆபீஸ் வந்தது. சுரங்க ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் இரண்டே அறை. அதில் முதல் நாளிலிருந்து இருந்தவர் அவர்.

விடியற்காலையில் அவர் ஐந்து வீட்டுக்குப் போக வேண்டும். கையில் டார்ச்சு, வாயில் ரப்பர் குழாய், குழாயின் முனையில் கண்ணாடிக் குழல். சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவின் மேல் குழலை வைத்து ஒரு மூச்சு இழுத்தால் கொசு உள்ளே. அப்புறம் மெதுவாக ஊதி, வலை கட்டிய பேப்பர் கப்பில் விட வேண்டும். வீட்டுக்கு ஒரு கப். தேதி, சந்து, வீட்டு நம்பர், எத்தனை கொசு என்று ஒரு சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ரப்பர் பேண்டில் செருகிவிட வேண்டும். அறைக்குள் நுழையும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். "தலையக் குனிஞ்சு, பின்பக்கத்தத் தூக்கிட்டு நிக்கிறா பாரு, அவதான் நம்ம ஆளு" என்பார். கொசு வாய்க்குள் போகாமலிருக்கக் குழாயில் ஒரு சின்ன வலை உண்டு. அது கிழிந்துபோன ஒரு நாள் வந்து, "தங்கச்சி, இன்னைக்குக் கணக்குல ரெண்டு குறையும். உள்ள போயிடுச்சு" என்றார். விழுங்கின கொசுவுக்குக்கூடச் சீட்டு எழுதிய மனுஷர் அவர். அந்தச் சீட்டில் "விழுங்கியது 2" என்று எழுதியிருந்ததை நானே படித்தேன்.

அப்படிப்பட்டவர் எப்படி மாறினார் என்று கேட்டால், மாற்றியது ஒரு காலி கப்.

சில வீட்டில் கொசு இருக்காது. ஜன்னல் நல்லதாக இருக்கும், புகை போட்டிருப்பார்கள். அப்போது சீட்டில் சைபர் என்று எழுத வேண்டும். சைபரும் ஒரு கணக்குதான். ஆனால் மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது கணக்கு இல்லை, சோம்பேறித்தனம். புதிதாக வந்த டாக்டர், எங்கள் அதிகாரி, ஒரு மாதம் சைபர்களையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள போனீங்களா, இல்ல வாசல்லயே நின்னு எழுதினீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அந்த வாரத்திலிருந்து சைபர் நின்றுபோனது. எந்தக் கப்பும் காலியாக வரவில்லை. ஐந்து, நாலு, ஐந்து, ஆறு, ஐந்து. கொசு என்ன ரேஷன் வாங்கியா வீட்டுக்கு வரும்? ஒரு வீட்டில் மிஞ்சியதை இன்னொரு வீட்டுக் கப்பில் நிரவிவிடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்துப் பக்கத்து வீடுதானே, என்ன குடிமுழுகிப்போகிறது என்று இருந்துவிட்டேன். ஒவ்வொரு சீட்டிலும் அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவர் களைத்துப்போனார். ஒரு வருஷமாகவே. வந்ததும் நாற்காலியில் விழுந்து கண்ணை மூடிக்கொள்வார். உதடு வெளுத்திருந்தது. கப்பை என் மேசையில் வைக்கும்போது கை நடுங்கும். "வயசாகுதுல்ல" என்பார். எனக்கும் முழங்கால் வலி, எனக்கும் கண் மங்கல். ரெண்டு கிழங்கள் ஆபீஸை நடத்துகிறோம் என்று சிரித்துக்கொண்டோம். அவர் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. மனைவி போய் ஆறு வருஷம். மகளும் மருமகனும் அவரோடுதான் இருந்தார்கள். மருமகனுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. மகளுக்கு ஏழாவது மாதம், தலைப்பிள்ளை. பேத்திதான் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வியாழக்கிழமை ஐந்து கப் வந்தது. கடைசிக் கப்பின் சீட்டில் ஐந்தாவது சந்து, பதினாலாம் நம்பர், நாலு கொசு என்று இருந்தது. மூன்றாவது கொசுவின் தலையை இழுத்தேன். சுரப்பி முழுக்கக் கிருமி. எண்ண முடியாத அளவுக்கு இருந்தது. அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தகட்டைப் பார்த்ததில்லை. ஜன்னல் வழியாக, "அண்ணே, கிடைச்சிருச்சு" என்று கத்தினேன். சந்தோஷமாகவே கத்தினேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவர் உள்ளே வந்தார். "எந்தக் கப்பு?"

"பதினாலு."

"நல்லாப் பாத்தியா?"

"நல்லாத்தான் பாத்தேன்."

"இன்னொரு தடவ பாரு தங்கச்சி."

பார்த்தேன். அவரையும் பார்க்கச் சொன்னேன். கண்ணை வைத்தவர் ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை. நிமிர்ந்து மறுபடியும், "நல்லாப் பாத்தியா?" என்றார். மைக்ரோஸ்கோப்பில் தானே பார்த்துவிட்டு என்னிடம் கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சல். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பதினாலாம் நம்பர் கட்டில் அக்காவின் வீடு. சுரங்கக்காரர்களுக்குக் கட்டில் வாடகைக்கு விடுகிறவள். ஆறு கட்டில், பன்னிரண்டு ஆள். பகல் ஷிப்ட் எழுந்து போனால் ராத்திரி ஷிப்ட் வந்து படுக்கும், கட்டில் சூடு ஆறாது. வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் போய்க் கதவில் சிவப்பு வட்டம் போட்டு, சுவரெல்லாம் மருந்தடித்து, பதின்மூன்று பேருக்கும் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஒருவருக்கும் கிருமி இல்லை. இருந்தாலும் விதி விதிதான். வாடகைக்காரர்கள் பன்னிரண்டு பேரையும் ஒரு மாதத்துக்குச் சுரங்கக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த வாரத்துச் சனிக்கிழமை கட்டில் அக்கா என் அறைக்கே வந்துவிட்டாள். "ஏம்மா, எந்தக் கொசு தலையப் பிடுங்கி என் வீட்டு நம்பரைக் கண்டுபிடிச்ச?"

"சீட்டுல இருந்துச்சுக்கா."

"சீட்டுல இருந்துச்சாம்! அந்த வியாழக்கிழமை நான் ஊர்லயே இல்ல, தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். பகல் ஷிப்ட்டுக்காரனுங்க விடியறதுக்கு முன்னாடியே பூட்டிட்டுப் போயிட்டானுங்க. மத்தவனுங்க எட்டு மணிக்கு வந்துதான் திறந்தானுங்க. சாவித் துவாரம் வழியா கொசு போகும். உங்க மாமாவும் போவாரா?"

அவளைத் தண்ணீர் குடிக்க வைத்து அனுப்பிவிட்டுப் பின்பக்கம் போனேன். அண்ணன் குழாயடியில் குந்தி உட்கார்ந்து கண்ணாடிக் குழல்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பதினாலுக்குப் போனீங்களா அண்ணே?"

குழலைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். "நாப்பத்திரெண்டு படிம்மா அந்த வீட்டுக்கு. பதினஞ்சாவது படியில உக்காந்துட்டேன். மூச்சு வரல. எந்திரிச்சு வீட்டுக்குப் போய் டீ குடிச்சேன். கப்பு காலியா இருந்துச்சு."

"அப்போ அந்த நாலும்?"

"என் வீட்டுல பிடிச்சது. பாப்பா கட்டிலுக்குப் பின்னாடி சுவத்துல."

கல்யாணமாகி வயிற்றில் பிள்ளை சுமக்கிற மகளை அவர் இன்னும் பாப்பா என்றுதான் சொல்வார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கர்ப்பிணிக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் வீடு வீடாகப் போய்ச் சொன்னதே அவர்தான். வேலியே பயிரை மேய்ந்தால் அது ஒரு கதை. இங்கே வேலி தன் பயிரையே மேய்ந்திருந்தது.

"ஒம்பது நாளாச்சு. ஒம்பது நாளும் தெரிஞ்சுக்கிட்டேவா இருந்தீங்க?"

"அன்னைக்கு சாயந்திரமே டெஸ்ட் பண்ணேன்மா அவளுக்கு. ஒண்ணும் இல்ல. புது வலை வாங்கிக் கட்டினேன். சுவத்துல ஒண்ணு விடாம நானே அடிச்சேன்." குழலைக் கீழே வைத்தார். "எட்டு மாசந்தாம்மா. இத்தன வருஷம் ஓட்டிட்டேன். திருட்டுச் சீட்டு எழுதினவன்னு வெளிய போகணுமா?"

என் தலைக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கொசு கிருமியோடு பிறப்பதில்லை. யாரோ ஒருவர் ரத்தத்திலிருந்து எடுத்து, பத்துப் பன்னிரண்டு நாள் வளர்த்து, அப்புறம்தான் கொடுக்கும். அந்த அறையில் அந்தக் கொசு யாரிடமிருந்து எடுத்தது? மருமகனுக்கு மாதாமாதம் சுரங்க வாசலில் ரத்தம் பார்க்கிறார்கள், சுத்தம். மகளுக்கும் இல்லை. அந்த வீட்டில் மூன்று பேர்தான்.

"அண்ணே, நீங்க கடைசியா எப்போ ரத்தம் குடுத்தீங்க?"

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இதுதான் அவருடைய பெரிய பலவீனம். முன்பெல்லாம் பொழுது சாயும் நேரத்தில் வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக்கொண்டு, கடிக்க வருகிற கொசுவைக் காலிலேயே பிடிக்கிற வேலையும் இருந்தது. அதை நிறுத்தி ஐந்து வருஷம் ஆகிறது. பல்லாயிரம் கொசுவுக்குக் காலை நீட்டிய அந்த மனுஷருக்கு ஊசி என்றால் நடுக்கம். ஆபீஸில் வருஷா வருஷம் எல்லாருக்கும் ரத்தம் எடுப்பார்கள், அன்றைக்கென்று அவருக்கு வெளிவேலை வந்துவிடும். அதற்கும் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

அன்று நான் சிரிக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து, விரலில் குத்தி, இரண்டு தகடு போட்டேன். சாயம் ஊற்றிக் காயும்வரை காத்திருந்தோம். பிறகு பார்த்தேன். கொஞ்சம்தான் இருந்தது. ஆனால் இருந்தது. வருஷக்கணக்காகக் கடி வாங்கிய உடம்பில் காய்ச்சலே காட்டாமல் கிருமி குடியிருக்கும், ரத்தத்தை மட்டும் தின்றுகொண்டிருக்கும். அவர் முதுமை என்று சொன்னதும், நான் சோர்வு என்று நினைத்ததும், பதினஞ்சாவது படியில் அவரை உட்கார வைத்ததும் எல்லாம் அதுதான். சொன்னேன். அவர் நான் எதிர்பார்த்தபடி அழவில்லை.

"அப்போ என்கிட்டருந்துதான் போயிருக்கு" என்றார். "ஒரு பேப்பர் குடு."

டாக்டருக்கு அவரே எழுதினார். ஐந்தாவது சந்து பதினாலு என்பது தவறு, மூன்றாவது சந்து ஏழு என்பதே சரி, அது என் வீடு, நான் வேண்டுமென்றே எழுதினேன். அவ்வளவுதான் கடிதம். ரிஜிஸ்டரிலும் பதினாலை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலையே மருந்தடிக்கிறவர்கள் அவர் வீட்டுக்குப் போனார்கள். கதவில் சிவப்பு வட்டம் போட அவர்களுக்குக் கை வரவில்லை. அவரே பிரஷை வாங்கிப் போட்டார்.

தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்த கதைதான். புதன்கிழமை மகளுக்குக் குளிர் கண்டது. அந்த வியாழனிலிருந்து பதின்மூன்றாவது நாள்.

ஆஸ்பத்திரியில் நானும் இருந்தேன். குளூக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. போர்வைக்குள் அவள் பல் தந்தியடிக்கிற சத்தம் கேட்டது. டாக்டர் வெளியே எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னார்: அந்த வியாழனுக்கு முன்னாலேயே கடித்திருக்கலாம், பின்னாலும் கடித்திருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது. அதைக் கேட்டு அண்ணனுக்கு ஆறுதலாக இருக்கும் என்று டாக்டர் நினைத்தார் போல. அந்த 'யாராலும் சொல்ல முடியாது'தான் அவரை இன்றுவரை தின்கிறது. கிருமி தின்றதைவிட அதிகம்.

காய்ச்சல் கொஞ்சம் இறங்கியபோது மகள் கண்ணைத் திறந்தாள். யார் என்ன சொல்லியிருந்தார்களோ, விஷயம் தெரிந்திருந்தது.

"அப்பா, என் ரூம்ல இருந்த கொசுதான்னு உனக்கு எப்போ தெரியும்?"

"வியாழக்கிழமைம்மா."

"எந்த வியாழக்கிழமை?"

கடிதம் எழுதியது சனிக்கிழமை. அதற்கு முந்தைய வியாழன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் தாமதம். மன்னித்துவிடக்கூடிய தாமதம். அதை அப்படியே விட்டிருந்தால் அவளும் விட்டிருப்பாள். அவர் என்னைப் பார்த்தார். நான் குளூக்கோஸ் பாட்டிலைப் பார்த்தேன்.

"போன வியாழன் இல்லம்மா, அதுக்கு முந்தின வியாழன்" என்றார்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

குழந்தை ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்தது. பேத்திதான். ஒரு கையில் அடங்குகிற எடை. ஒரு மாதம் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்தது, அதற்கே நாங்கள் கோடி கும்பிடு போட வேண்டும். அண்ணனை ஓய்வுக்கு ஏழு மாதம் முன்னால் வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அது குறைவு என்றுதான் எனக்குப் பட்டது. கட்டில் அக்காவின் பன்னிரண்டு பேரில் ஏழு பேர்தான் திரும்பி வந்தார்கள். மாத்திரை முடிந்து உடம்பு தேறியதும் அண்ணன் அந்த நாற்பத்திரண்டு படியையும் ஏறிப்போய் அவள் வாசலில் நின்றார். அவள் தண்ணீர் கொடுத்தாள். பேச்சுக் கொடுக்கவில்லை.

அவர் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. விடியற்காலையில் குழலைத் தூக்கிக்கொண்டு நான்தான் போகிறேன், பத்து மணிக்கு வந்து தலையையும் நான்தான் பிடுங்குகிறேன். முழங்கால் என்னைத் திட்டுகிறது. மூன்றாவது சந்து ஏழாம் நம்பர் இப்போது நிரந்தரமாகப் பட்டியலில் இருக்கிறது. வாரம் ஒரு தடவை.

போன வாரமும் போனேன். மகள்தான் கதவைத் திறந்தாள். குழந்தை வலைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் மூலையில் நாற்காலியில் இருந்தார். முகத்தில் ரத்தம் ஊறியிருக்கிறது, உதடு சிவந்திருக்கிறது, பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறார். நான் டார்ச்சை அடித்துச் சுவர் சுவராகப் பார்த்தேன். கட்டிலுக்குப் பின்னாலும் குனிந்து பார்த்தேன். கால் மணி நேரம் ஆயிற்று.

"அந்த அலமாரி மேல பாத்தியா தங்கச்சி?" என்றார் அண்ணன்.

"பாத்தேன். ஒண்ணும் இல்ல."

கப்பை மேசையில் வைத்துச் சீட்டை எழுதினேன். தேதி, மூன்றாவது சந்து, ஏழாம் நம்பர், சைபர். கையெழுத்துப் போட்டதும் மகள் கையை நீட்டினாள். எல்லா வாரமும் நீட்டுகிறாள். நானும் கொடுத்துவிடுகிறேன். விளக்குக்கு நேரே பிடித்து, தேதியைப் படித்தாள், சந்தைப் படித்தாள், வீட்டு நம்பரை விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். அண்ணன் நாற்காலியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரியா இருக்கு அத்தை" என்று என்னிடம் சொல்லி, சீட்டை என் கையிலேயே கொடுத்தாள்.